ஸ்னாப்ஷாட் எடுத்த பிறகு விஎம் படுத்துவிடுகிறதா? எந்த நேரத்தில் படுக்கிறது என்று முதலில் பாருங்கள்

கேள்வி சுருக்கமாக இதுதான். லினக்ஸில் விஎம் ஓட்டும் வசதியான கேவிஎம்-இல் ஓடும் ஒரு லினக்ஸ் விஎம் (விர்ச்சுவல் மெஷின், ஒரு கம்ப்யூட்டருக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கம்ப்யூட்டர்). கேள்வி கேட்டவர் அப்டேட் போடுவதற்கு முன்னால் ஸ்னாப்ஷாட் எடுத்திருக்கிறார், எடுக்கும்போது பிழை எதுவும் வரவில்லை. அதற்கப்புறம் விஎம் சில மணி நேரம் ஓடுகிறது, திடீரென நின்றுவிடுகிறது, ரீஸ்டார்ட் செய்தால் கொஞ்ச நேரம் ஓடி மறுபடி நிற்கிறது. "ஸ்னாப்ஷாட் ஃபைலை அழித்துவிட்டால் சரியாகிவிடுமா?" என்று கேட்கிறார்.

அழிக்காதீர்கள். இன்னொரு முறை ரீஸ்டார்ட்டும் செய்ய வேண்டாம், இந்தப் பதிலைப் படித்து முடிக்கும்வரை அப்படியே இருக்கட்டும். ஸ்னாப்ஷாட் ஃபைல் என்று நீங்கள் நினைக்கிற அந்த ஃபைலில்தான், ஸ்னாப்ஷாட் எடுத்த நிமிடத்திலிருந்து இதுவரை விஎம் எழுதிய எல்லாமே இருக்கிறது. பலர் இங்கேதான் தவறிவிடுகிறார்கள். பெயரைக் கேட்டால் ஏதோ பழைய நிலையை நகல் எடுத்து ஓரமாக வைத்தது போலத் தோன்றும். நடப்பது நேர் எதிர்: அசல் டிஸ்க் ஃபைல் அந்த நொடியோடு உறைந்துவிடுகிறது, இனி அதில் யாரும் எழுத மாட்டார்கள், பக்கத்தில் புதிதாக ஒரு ஃபைல் (டெல்ட்டா அல்லது ஓவர்லே என்பார்கள்) திறந்து விஎம் அதில் எழுத ஆரம்பிக்கிறது. படிக்கும்போது முதலில் புதிய ஃபைலில் தேடும், அங்கே இல்லையென்றால் கீழே இருக்கும் அசலுக்குப் போகும். கேவிஎம்-இன் டிஸ்க் ஃபைல் வகையான கியூகவ்2-இன் உள் ஸ்னாப்ஷாட்டில் மட்டும் எல்லாம் ஒரே ஃபைலுக்குள் நடக்கும், ஆனால் கணக்கு ஒன்றுதான்: பழைய பிளாக்கை விட்டுவைத்துப் புதிய இடத்தில் எழுதும்.

இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது, ஏனென்றால் ஸ்னாப்ஷாட்டால் மாறுவது விஎம்-க்குள் ஓடும் கெஸ்ட் ஓஎஸ் இல்லை, அதற்குக் கீழே இருக்கும் ஸ்டோரேஜ். அதனால் கெஸ்ட்டுக்குள் போய் கெர்னலை மாற்றுவது, டிரைவரைத் திரும்பப் போடுவது என்று ஆரம்பிக்காதீர்கள். முதலில் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் கண்டுபிடியுங்கள்: விஎம் விழுவது எப்போது? ஸ்னாப்ஷாட் எடுக்கிற அந்த நொடியிலா, எடுத்துச் சில மணி அல்லது சில நாள் கழித்தா, ஸ்னாப்ஷாட்டை நீக்கும்போதா, இல்லை பழைய ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பிய பிறகா? இந்த நான்கிற்கும் காரணம் வேறு வேறு. நேரத்தைச் சொன்னால் காரணத்தை ஓரளவு அங்கேயே சொல்லிவிடலாம்.

உங்களுடையது இரண்டாவது வகை, சில மணி நேரம் கழித்து விழுகிறது. இதில் நான் முதலில் சந்தேகப்படுவது ஹோஸ்ட்டில், அதாவது விஎம்-ஐ ஓட்டும் அசல் கம்ப்யூட்டரில், இடம் தீர்ந்துபோனதைத்தான். ஹோஸ்ட்டில் டிஎஃப் -எச் போட்டுப் பாருங்கள், அதே டிஎஃப் கட்டளையை -ஐ ஆப்ஷனோடு போட்டு ஐநோடும் (ஃபைல்களுக்கான பதிவு இடம்) மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். டிஸ்க் எல்விஎம் தின் பூலில் (எழுத எழுத மட்டுமே இடம் ஒதுக்கும் ஸ்டோரேஜ்) இருந்தால் டிஎஃப் உண்மையைச் சொல்லாது, எல்விஎஸ் கட்டளையில் டேட்டா சதவீதம், மெட்டா சதவீதம் என்று இரண்டு வரிசை வரும், இரண்டையும் பார்க்க வேண்டும். டேட்டா 70 சதவீதத்தில் இருக்கும்போதே மெட்டாடேட்டா நிரம்பிவிடலாம், அது இன்னும் மோசம். தின் பூல் நிரம்பினால் இயல்பான அமைப்பில் 60 விநாடி காத்திருக்கும், அதற்குள் யாரும் இடம் கொடுக்கவில்லையென்றால் எழுதும் ஒவ்வொரு முயற்சிக்கும் பிழையைத் திருப்பி அனுப்பும். அந்தப் பிழை கெஸ்ட்வரை போனால், அதன் கண்ணுக்கு டிஸ்க் கெட்டுப்போனது போலத்தான் தெரியும்.

அடுத்து, விஎம் உண்மையிலேயே கிராஷ் ஆனதா, நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் வெளியே இருந்து பார்த்தால் ஒன்றுதான்: பிங் போகாது, எஸ்எஸ்எச் வராது. கேவிஎம் விஎம்-களை நிர்வகிக்கும் விர்ஷ் கருவியில் டொம்ஸ்டேட் கட்டளையோடு ரீசன் ஆப்ஷனைச் சேர்த்துப் போடுங்கள். "பாஸ்டு, ஐ/ஓ எரர்" என்று வந்தால் விஎம் சாகவில்லை. கேவிஎம்-இல் விஎம்-ஐ ஓட்டும் ப்ரோகிராமான கியூஎம்யூ இயல்பாகவே, ஹோஸ்ட்டில் இடம் இல்லை என்ற பிழை வந்தால் கெஸ்ட்டுக்குச் சொல்லாமல் அதை அப்படியே உறைய வைத்துவிடும், டேட்டா கெடாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. எந்த டிஸ்க் என்று விர்ஷ் டொம்பிளாக்எரர் சொல்லும். இடத்தைக் காலி செய்து விர்ஷ் ரெஸ்யூம் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து ஓடும். இதைத் தெரியாமல் ஆட்கள் டெஸ்ட்ராய் கொடுத்து ஸ்டார்ட் செய்கிறார்கள், அதாவது ஓடிக்கொண்டிருந்த டேட்டாபேஸின் கரண்ட்டைப் பிடுங்குகிறார்கள். ரீஸ்டார்ட் செய்தால் புதிய இடம் கேட்கும்வரை சிறிது ஓடும், கேட்டதும் மறுபடி நிற்கும். உங்கள் வர்ணனை இதோடு அப்படியே பொருந்துகிறது.

வேறு ஹைப்பர்வைசர், அதாவது விஎம் ஓட்டும் வேறு மென்பொருள், வைத்திருப்பவர்களுக்கும் கதை இதேதான், பெயர் மட்டும் மாறும். ஹைப்பர்-வி-யில் பாஸ்டு-கிரிட்டிகல் என்று காட்டும். விர்ச்சுவல்பாக்ஸ் ஹோஸ்ட் டிஸ்க் நிரம்பிவிட்டது என்று சொல்லி விஎம்-ஐ நிறுத்தி வைக்கும். விஎம்வேரில் ரீட்ரை, கேன்சல் என்று இரண்டு பட்டனோடு ஒரு கேள்வி வந்து நிற்கும், அதில் கேன்சல் கொடுத்தால் விஎம் பவர் ஆஃப் ஆகிவிடும். தயவுசெய்து முதலில் இடம் கொடுத்துவிட்டு ரீட்ரை கொடுங்கள்.

"கெஸ்ட்டுக்குள் 40 சதவீதம்தானே நிரம்பியிருக்கிறது, எப்படி இடம் தீரும்?" என்று இந்த இடத்தில் எல்லோரும் கேட்பார்கள். நான் ஒரு இடத்தில் வேலை பார்த்தபோது 600 ஜிபி டிஸ்க் உள்ள ஒரு டேட்டாபேஸ் விஎம்-க்கு பேட்ச் போடுவதற்கு முன் ஸ்னாப்ஷாட் எடுத்தோம். பேட்ச் நன்றாகப் போனது, ஸ்னாப்ஷாட்டை மறந்துவிட்டோம். அந்த விஎம் தினமும் இரவு ஒரு முழு டம்ப் எடுத்து அதே டிஸ்க்கில் வைக்கும், முந்தைய நாள் டம்ப்பை அழித்துவிடும். கெஸ்ட்டின் கணக்கில் இடம் ஏறவே இல்லை, நேற்று எவ்வளவோ இன்றும் அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு இரவும் புதிய டம்ப் புதிய பிளாக்குகளில் எழுதப்பட்டது, கெஸ்ட் அழித்த பழைய பிளாக்குகள் டெல்ட்டா ஃபைலிலிருந்து தானாகக் குறையவில்லை. 19 நாளில் விஎம் ஃபைல்கள் இருக்கும் ஸ்டோரேஜான டேட்டாஸ்டோர் முழுவதும் நிரம்பி, அதிகாலை 2 மணிக்கு எல்லாம் நின்றது. டெல்ட்டா ஃபைல் கிட்டத்தட்ட அசல் டிஸ்க்கின் முழு அளவுக்கே வளரலாம், அதுதான் அதன் உச்சம். கெஸ்ட்டுக்குள் டிஃப்ராக் ஓட்டினால், டேட்டாபேஸ் டேபிள்களை முழுதாகத் திரும்ப எழுதும் பராமரிப்பு வேலை ஓடினால், ஒரே இரவில்கூட அந்த உச்சத்தைத் தொடும்.

அந்த இரவில் நடந்த இன்னொன்றைச் சொல்ல வேண்டும். இடம் காலி செய்ய ஃபைல் பட்டியலைத் திறந்தோம். ஒரு ஃபைல் இன்றைய தேதி, இன்னொரு ஃபைல் 19 நாள் பழைய தேதி, அது 600 ஜிபி. தூக்கக் கலக்கத்தில் பார்க்கிற எவருக்கும் பழைய தேதி உள்ளதுதான் தேவையில்லாததாகத் தெரியும். உடனிருந்தவர் அதை அழிக்கலாம் என்றார், அவர் மேல் தப்பே இல்லை, பார்க்க அப்படித்தான் இருந்தது. ஆனால் அதுதான் அசல் டிஸ்க். ஸ்னாப்ஷாட் எடுத்த நாளிலிருந்து அதில் யாரும் எழுதவில்லை, அதனால்தான் தேதி பழையது. எந்த ஃபைல் எதன் மேல் நிற்கிறது என்ற சங்கிலியைப் பார்த்துவிட்டு அழிக்கலாம் என்று நிறுத்தியதால் பிழைத்தோம். கடைசியில் ஐஎஸ்ஓ ஃபைல்களையும் அணைத்து வைத்திருந்த ஒரு சோதனை விஎம்-ஐயும் வேறு இடத்துக்கு மாற்றி 40 ஜிபி கிடைத்தது, விஎம்-ஐ ஓடவிட்டு ஸ்னாப்ஷாட்டை முறைப்படி நீக்கினோம், இணைந்து முடிய ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆனது. இடம் வேண்டுமென்றால் அந்த விஎம்-இன் ஃபோல்டரைத் தவிர வேறு எங்கிருந்து வேண்டுமானாலும் எடுங்கள்.

மெமரியோடு ஸ்னாப்ஷாட் எடுத்திருந்தால் ராம் அளவுக்கு இன்னொரு ஃபைலும் சேரும், அதையும் கணக்கில் வையுங்கள். ஹோஸ்ட்டிலேயே ராம் பற்றாக்குறை இருந்து, ராம் தீரும்போது ப்ராசஸைக் கொல்லும் லினக்ஸின் ஓஓஎம் கில்லர் கியூஎம்யூ ப்ராசஸைக் கொன்றிருக்கவும் வாய்ப்பு உண்டு. அப்படியென்றால் விஎம் பாஸ் ஆகியிருக்காது, சுத்தமாக ஆஃப் ஆகியிருக்கும். ஹோஸ்ட்டின் கெர்னல் லாக்கைக் காட்டும் டிமெசேஜில் "கில்டு ப்ராசஸ்" என்று கியூஎம்யூ பெயரோடு ஒரு வரி இருக்கும், வேறு எங்கும் தேட வேண்டாம்.

இனி, ஸ்னாப்ஷாட் எடுக்கிற நொடியிலேயே விழுகிறவர்களுக்கு. ஸ்னாப்ஷாட் எடுக்க விஎம்-ஐ ஒரு கணம் நிறுத்தியாக வேண்டும். டிஸ்க் மட்டும் என்றால் பொதுவாக ஒன்றிரண்டு விநாடிக்குள் முடியும். மெமரியோடு என்றால் முறையைப் பொறுத்தது: கியூகவ்2 உள் ஸ்னாப்ஷாட்டில் முழு மெமரியும் எழுதி முடியும்வரை விஎம் நின்றே இருக்கும். 64 ஜிபி ராம், டிஸ்க் விநாடிக்கு 200 எம்பி எழுதுகிறது என்றால் ஐந்தரை நிமிடம். அத்தனை நேரம் கெஸ்ட்டுக்குக் காலமே ஓடாது, எழுந்ததும் கடிகாரம் தாவும். லினக்ஸ் கெர்னல் ஒரு சிபியு 20 விநாடிக்கு மேல் நகரவில்லை என்று கண்டால் சாஃப்ட் லாக்கப் என்று லாக்கில் எழுதும். எழுதுவதோடு சரி, அதனால் விஎம் விழாது. ஆனால் சாஃப்ட்லாக்கப் பேனிக் என்ற செட்டிங்கை யாராவது 1 என்று வைத்திருந்தால் அதே இடத்தில் கெர்னல் பேனிக் ஆகும். பாதுகாப்புக்காக இறுக்கப்பட்ட சர்வர் டெம்ப்ளேட்டுகளில் இந்த செட்டிங் இருக்கிறதா என்று பாருங்கள்.

கிளஸ்டரில் (ஒன்றாக இயங்கும் சர்வர்களின் கூட்டம்) இருக்கும் விஎம் என்றால் இன்னும் எளிதில் விழும், அதுவும் கிராஷ் மாதிரியே தெரியும். மற்ற நோடுகளுக்கு ஹார்ட்பீட் வரவில்லை, இது செத்துவிட்டது என்று முடிவு செய்து வெளியேற்றும், ஃபென்சிங் இருந்தால் ரீபூட் செய்தும் விடும். விண்டோஸ் ஃபெயில்ஓவர் கிளஸ்டரில் 2012 ஆர்2 வரை ஒரே சப்நெட்டில் 5 விநாடிதான் பொறுமை, 2016-இல் அதை 10 ஆக்கினார்கள். விஎம்வேர் வைத்திருப்பவர்கள் எவ்வளவு நேரம் நின்றது என்று துல்லியமாகவே பார்க்கலாம்: விஎம் ஃபோல்டரில் இருக்கும் விஎம்வேர்.லாக் ஃபைலில் "செக்பாயிண்ட் அன்ஸ்டன்" என்று தேடுங்கள், "விஎம் ஸ்டாப்டு ஃபார் 38412907 யூஎஸ்" என்பது போல ஒரு வரி கிடைக்கும். அது மைக்ரோ விநாடி, கடைசி ஆறு இலக்கத்தை மறைத்தால் விநாடி: 38. அந்த ஒரு எண் போதும், கெஸ்ட்டைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஸ்டோரேஜ் மெதுவாக இருக்கிறது அல்லது மெமரியைச் சேர்க்கக் கூடாது. அப்டேட்டுக்கு முன்னால் எடுக்கிற ஸ்னாப்ஷாட்டுக்கு மெமரி பெரும்பாலும் தேவையே இல்லை. முடிந்தால் விஎம்-ஐ அணைத்துவிட்டு எடுங்கள், அதைவிடச் சுத்தமான ஸ்னாப்ஷாட் கிடையாது.

இதே நொடியில் இன்னொரு சிக்கல், ஃப்ரீஸ். டேட்டா சீராக இருக்க வேண்டும் என்று குவையஸ் ஆப்ஷன் கொடுத்தால், கெஸ்ட்டுக்குள் இருக்கும் ஏஜென்ட் ஃபைல்சிஸ்டத்தை உறைய வைக்கும், ஸ்னாப்ஷாட் முடிந்ததும் இளக்கும். நடுவில் ஏஜென்ட்டுடன் தொடர்பு அறுந்தால் உறைந்தது உறைந்தபடியே இருக்கும். இதற்கு ஒரு அடையாளம் உண்டு: பிங் போகும், எஸ்எஸ்எச் போர்ட்கூடத் திறக்கும், ஆனால் லாகின் பாதியில் தொங்கும், ஏனென்றால் லாகின் ஆனதைக்கூட டிஸ்க்கில் எழுத முடியாது. இப்படி இருந்தால் ரீசெட் பட்டனைத் தேடுவதற்கு முன் விர்ஷ் டொம்எஃப்எஸ்தா ஒருமுறை போடுங்கள், பல சமயம் விஎம் அப்படியே மூச்சு விட்டு எழுந்துகொள்ளும். விண்டோஸில் இந்த வேலையை விஎஸ்எஸ் செய்கிறது. விஎஸ்எஸ்அட்மின் லிஸ்ட் ரைட்டர்ஸ் போட்டு, எந்த ரைட்டர் ஃபெயில்டு என்று நிற்கிறதோ அதற்குரிய சர்வீஸைப் பாருங்கள்.

ஸ்டார்ட்டே ஆகவில்லை என்றால் சங்கிலி அறுந்திருக்கும். டெல்ட்டா ஃபைலுக்குள் தன் அசல் எது என்று எழுதி வைத்திருக்கும். அசலை யாராவது வேறு ஃபோல்டருக்கு நகர்த்தினால், பெயர் மாற்றினால், அந்தக் குறிப்பு பொய்யாகிவிடும். விர்ஷ் டொம்பிளாக்லிஸ்ட் போட்டு விஎம் இப்போது எந்த ஃபைலில் ஓடுகிறது என்று பாருங்கள், பிறகு அந்த ஃபைல் மேல் கியூஎம்யூ-ஐஎம்ஜி இன்ஃபோவை பேக்கிங்-செயின் ஆப்ஷனோடு ஓட்டுங்கள், மேலிருந்து கீழ்வரை முழுச் சங்கிலியும் வரும். ஒவ்வொரு ஃபைலும் அந்தப் பாதையில் உண்மையில் இருக்கிறதா, லினக்ஸின் பாதுகாப்பு அமைப்புகளான எஸ்இலினக்ஸ் அல்லது ஆப்ஆர்மர் அதைத் திறக்க விடுகிறதா என்று சரிபாருங்கள். பாதை மட்டும் தவறு என்றால் கியூஎம்யூ-ஐஎம்ஜி ரீபேஸ், -யூ ஆப்ஷனோடு, குறிப்பை மட்டும் திருத்தும்.

இதைவிட ஆபத்தானது, ஸ்னாப்ஷாட் இருக்கும்போதே அசல் ஃபைலை யாராவது நேரடியாக ஸ்டார்ட் செய்துவிடுவது அல்லது அதன் அளவை மாற்றுவது. அசலில் ஒரு பைட் மாறினாலும் டெல்ட்டாவின் கணக்கு பிசகிவிடும். விஎம்வேர் இதை சிஐடி என்ற எண்ணை வைத்துக் கண்டுபிடித்து, அசல் மாறிவிட்டது என்று ஸ்டார்ட் செய்ய மறுக்கும். டிஸ்கிரிப்டர் ஃபைலைத் திறந்து பேரன்ட் சிஐடி-யை அசலின் சிஐடி-யோடு பொருத்திவிட்டால் ஸ்டார்ட் ஆகும் என்று பலர் சொல்வார்கள், ஆகும்தான். ஆனால் அசலில் உண்மையிலேயே எழுதப்பட்டிருந்தால், அந்த எண்ணைத் திருத்துவது உடைந்த ஃபைல்சிஸ்டத்தை மௌனமாக ஏற்றுக்கொள்வது. நகல் எடுக்காமல் அதில் கை வைக்காதீர்கள்.

நீக்கும்போது விழுகிறவர்களுக்குச் சுருக்கமாக. நீக்குவது என்பது டெல்ட்டாவில் இருக்கும் எல்லாவற்றையும் அசலுக்குள் எழுதுவது, டெல்ட்டா பெரிதாக இருந்தால் ஸ்டோரேஜ் மூச்சு முட்டும், கெஸ்ட் மெதுவாகும், கடைசியில் மாறும் இடத்தில் மறுபடி ஒரு நிறுத்தம் வரும். 99 சதவீதத்தில் மணிக்கணக்கில் நிற்பதைப் பார்த்துப் பயந்து ப்ராசஸைக் கொல்லாதீர்கள். விஎம்வேர் தன் வழிகாட்டுதலில் ஒரு ஸ்னாப்ஷாட்டை 72 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள், சங்கிலியில் 32 வரை அனுமதி இருந்தாலும் இரண்டு மூன்றோடு நிறுத்துங்கள் என்று சொல்வது இதனால்தான். கேவிஎம்-இல் ஒரு நுணுக்கம்: ஸ்னாப்ஷாட்-டெலீட்டை மெட்டாடேட்டா ஆப்ஷனோடு போட்டால் பட்டியலிலிருந்து பெயர்தான் போகும், விஎம் இன்னும் அந்த ஓவர்லே ஃபைலில்தான் எழுதிக்கொண்டிருக்கும். பெயர் போய்விட்டதே என்று அந்த ஃபைலை அழிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். உண்மையில் இணைக்க பிளாக்கமிட் கட்டளையை ஆக்டிவ், பிவட் என்ற இரண்டு ஆப்ஷனோடு போட வேண்டும்.

பழைய ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பியபின் விழுந்தால், மெமரி நிலையைத்தான் சந்தேகிக்க வேண்டும். வேறு சிபியு உள்ள ஹோஸ்ட்டில் பழைய மெமரியை எழுப்பினால், கெஸ்ட் முன்பு கண்ட சிபியு வசதி இப்போது இல்லாமல் போய் விழும். மெமரி இல்லாமல் டிஸ்க் நிலைக்கு மட்டும் திரும்பி, புதிதாக பூட் செய்து பாருங்கள். விண்டோஸ் நெட்வொர்க்கின் லாகின்களைக் கவனிக்கும் டொமைன் கன்ட்ரோலரை மட்டும் ஸ்னாப்ஷாட்டால் பின்னோக்கி இழுக்க வேண்டாம், அதற்கு வேறு முறைகள் இருக்கின்றன.

சரி, உங்கள் விஎம்-க்கு வருவோம். டொம்ஸ்டேட் என்ன சொல்கிறது என்று பாருங்கள், பாஸ் என்றால் இடம் கொடுத்து ரெஸ்யூம் செய்யுங்கள், பிறகு உள்ளே போய் முறைப்படி ஷட்டவுன் செய்யுங்கள். ஆஃப் ஆகியிருந்தால் ஸ்டார்ட் செய்யாமல் வார்-லாக்-லிப்விர்ட்-கியூஎம்யூ ஃபோல்டரில் விஎம் பெயரில் இருக்கும் லாக்கின் கடைசி இருபது வரிகளைப் படியுங்கள். அடுத்து, சங்கிலியில் இருக்கும் எல்லா ஃபைலையும் வேறு டிஸ்க்குக்கு நகல் எடுங்கள். எத்தனை நேரம் ஆனாலும் இந்தப் படியைத் தாண்டாதீர்கள், இதற்குப் பிறகு செய்கிற எந்தத் தவறையும் திருத்திக்கொள்ளலாம், இதற்கு முன் செய்கிற தவறைத் திருத்த முடியாது.

நகலின் மேல் கியூஎம்யூ-ஐஎம்ஜி செக் ஓட்டுங்கள். கசிந்த கிளஸ்டர் (இங்கே ஃபைலுக்குள் இருக்கும் ஒரு துண்டு இடம்) என்று மட்டும் வந்தால், எக்ஸிட் கோட் 3, இடம் வீணாகியிருக்கிறது, டேட்டா பத்திரம். 2 வந்தால் ஃபைல் உள்ளே கெட்டிருக்கிறது, ரிப்பேர் ஆப்ஷனை இன்னொரு நகலில் மட்டும் முயற்சி செய்யுங்கள். சுத்தமாக இருந்தால், சங்கிலியை இணைப்பதைவிட எனக்குப் பிடித்த வழி ஒன்று இருக்கிறது: மேலே இருக்கும் ஃபைலைக் கொடுத்து கியூஎம்யூ-ஐஎம்ஜி கன்வர்ட் ஓட்டினால், முழுச் சங்கிலியையும் படித்து ஒரே புதிய ஃபைலாகக் கொடுக்கும், பழையதில் ஒரு பைட்டும் மாறாது. விஎம்வேரில் விஎம்கேஎஃப்எஸ்டூல்ஸ் கட்டளை -ஐ ஆப்ஷனோடு, ஹைப்பர்-வி-யில் கன்வர்ட்-விஎச்டி இதே வேலையைச் செய்யும். புதிய ஃபைலோடு நெட்வொர்க்கைத் துண்டித்து பூட் செய்து, ஃபைல்சிஸ்டத்தைச் சரிபார்க்கும் எஃப்எஸ்சிகே ஓட்டி, டேட்டாபேஸ் திறக்கிறதா என்று பார்த்து, அதற்கப்புறம் நெட்வொர்க்கைக் கொடுங்கள். பழைய ஃபைல்கள் இன்னும் ஒரு வாரம் அங்கேயே கிடக்கட்டும்.

இதெல்லாம் செய்தும், ஸ்னாப்ஷாட்டே இல்லாத அந்தப் புதிய ஒற்றை டிஸ்க்கிலும் விஎம் விழுந்தால், அப்போது கெஸ்ட்டுக்குள் போகலாம். கேடம்ப்பை இயக்கி வைத்து அடுத்த பேனிக்கின் டம்ப்பைப் பிடியுங்கள், சீரியல் கன்சோல் லாக்கையும் ஃபைலில் சேமிக்கும்படி வையுங்கள். நீங்கள் அன்று போட்ட அப்டேட்டில் கெர்னலும் மாறியிருந்தால், பூட் மெனுவில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்து ஒரு நாள் முழுக்க ஓடவிட்டுப் பாருங்கள்.